பன்னிரண்டு ரேடியோ, ஒரே நொடி

"பன்னிரண்டு பேரு, பன்னிரண்டு ரேடியோ. கரண்டு வேண்டாம், பேட்டரி வேண்டாம். வர்ற சனிக்கிழமை அத்தனையும் ஒரே நொடியில பேசும். ஒண்ணு முந்தாது, ஒண்ணு பிந்தாது!"

சவரிராயன் இதைப் பாலக்கரை முழுக்கச் சொல்லிவிட்டார். சொன்ன தோரணையைப் பார்த்தால், முக்கொம்பில் பிரிந்த காவிரியும் கொள்ளிடமும் வெட்கப்பட்டுத் திரும்பவும் சேர்ந்துகொள்ளும். நேருக்கு நேர் நம்பமாட்டேன் என்றது ஒரே ஆள்தான். அந்த ஆள் அவர் வீட்டிலேயே இருந்தாள்.

"கல்யாணத்தன்னிக்கு எனக்கு ஒரு ரேடியோ செஞ்சு தரேன்னீங்க," என்றாள் சகாயம்மாள். "இருபத்தெட்டு வருஷமாச்சு. இன்னும் பக்கத்து வீட்டு ஷரபுன்னிசா ரேடியோவைத்தான் சுவத்துல காது வச்சுக் கேக்கறேன்."

"அது நான் தனியா செய்யப் பார்த்தது. இது கூட்டு முயற்சி."

பொன்மலை ரயில்வே பட்டறையில் முப்பது வருஷம் சுத்தியல் சத்தத்தோடு குடும்பம் நடத்தி ஓய்வு பெற்றவர் அவர். ரேடியோ செய்ய ஆசைப்பட்டாரே தவிர, கேட்க நேரம் ஏது? பங்குக் கோயில் மண்டபத்தில் குறடு, திருப்புளி, ஈயப்பற்று வைக்கும் கோல் எல்லாம் சேர்த்து, யாரும் வந்து எதையும் செய்துகொள்ளலாம் என்று ஒரு மன்றம் தொடங்கியிருந்தார். பங்குச் சாமியார் கெடு வைத்துவிட்டார்: "சனிக்கிழமை ஒரு ரேடியோவாவது பேசணும் சவரி. இல்லைன்னா மன்றத்தைக் காலி பண்ணிட்டு, மண்டபத்துல திருவிழாச் சப்பரத்தை நிறுத்திடுவேன்."

வகுப்பு காலை பத்து மணிக்கு என்றுதான் இருந்தது. "மூணு மணிக்கு வையுங்க, வெயில் தாழட்டும்," என்றாள் சகாயம்மாள். திருச்சியில் மூன்று மணிக்கு எந்த வெயில் தாழ்ந்திருக்கிறது? ஆனாலும் மாற்றினார். பெயர் கொடுத்திருந்தது பதினோரு பேர்தான். பன்னிரண்டாவது ஆளாக அவள்தான் உட்கார வேண்டும், பகைத்துக்கொள்ள முடியுமா?

வந்தவர்கள் யார் வீட்டிலும் ரேடியோ கிடையாது. அதனால்தான் வந்தார்கள். சனிக்கிழமை மூன்று மணிக்கு உட்கார்ந்து, அட்டைக் குழாயில் செம்புக் கம்பி சுற்றி, ஈயம் வைத்து, விரல் சுட்டு, நாலரை மணிக்கு முடித்தார்கள்.

"எல்லாரும் இயர்ஃபோனைக் காதுல வையுங்க! மருதை, என்ன கேக்குது?"

"என் மூச்சுதாங்க கேக்குது."

மற்ற பதினோரு காதிலும் அதுவும் இல்லை.

"ஏரியல் பத்தலை," என்று சவரிராயன் கம்பியை வேப்பமரத்துக்கு இழுத்தார். அப்போதும் ஒன்றும் கேட்கவில்லை.

"இன்னும் கொஞ்சம் நீட்டிப் பாருங்களேன்," என்றாள் சகாயம்மாள், அவளாகவே.

கம்பி கோயில் மணிக்கூண்டுக்குப் போய் மணியில் முடிச்சானது. தொய்வாக இருக்கிறதென்று மருதை ஒரு இழுப்பு இழுத்தான். டங்... நிறுத்தி இன்னொரு இழுப்பு. டங்... ஊரில் யாராவது இறந்தால் அடிக்கும் சாட்சாத் துக்கமணி.

அஞ்சு நிமிஷத்தில் பாதிப் பாலக்கரை வாசலில் நின்றது. நாலு பேர் கையில் மாலை.

"யாருங்க போயிட்டது?"

"யாரும் போகலைங்க. ரேடியோதான்..."

"அய்யோ, நல்ல ரேடியோவாச்சே!"

"எர்த்து சரியில்லை!" என்று கத்திய சவரிராயன், மண்ணில் அடித்த இரும்புக் கம்பியைச் சுற்றிக் குடம் குடமாகத் தண்ணீர் ஊற்றச் சொன்னார். மண்டப வாசல் நடவுக்குத் தயாரானது. மாலையோடு வந்த ஒருவர் வழுக்கியதில், மாலை பறந்து சவரிராயன் கழுத்திலேயே விழுந்தது.

"பொருத்தமாத்தான் இருக்கு," என்றபடி சாமியார் வந்தார். "சப்பரத்தைத் தள்ளிட்டு வாங்கப்பா."

சவரிராயன் பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார். மாலையைக் கழற்றக்கூடத் தோன்றவில்லை. "இருபத்தெட்டு வருஷத்துக்கு அப்புறமும் உனக்கு ஒரு ரேடியோ செய்ய வரலை பாரு," என்றார் சகாயம்மாளிடம், மெதுவாக. அவள் காதிலிருந்து இயர்ஃபோனை எடுக்கவே இல்லை.

துக்க வீட்டுக்கு டீ கொண்டுவந்த கடைக்கார கியாசுதீன் எட்டிப் பார்த்தான். "என்னண்ணே, எல்லாரும் எதைக் கேக்கறீங்க? மூணு மணியிலேர்ந்து அஞ்சரை வரைக்கும் ஸ்டேஷனே கிடையாதே! நான் கடையில ரேடியோவை அணைச்சுட்டுத்தானே தூங்குவேன்."

சவரிராயன் கடிகாரத்தைப் பார்த்தார். பார்த்துக்கொண்டே இருந்தார். முள் அஞ்சரையைத் தொட்டது.

பன்னிரண்டு தலைகளும் ஒரே நொடியில் நிமிர்ந்தன.

"பேசுதுங்க!" என்று மருதை அலறினான். சாமியார் அவன் இயர்ஃபோனைப் பிடுங்கிக் காதில் வைத்து, சப்பரத்தைத் திருப்பிக்கொண்டு போகச் சொல்லிக் கையை ஆட்டினார்.

சவரிராயன் மாலையைச் சரிசெய்துகொண்டு மனைவி முன்னால் போய் நின்றார். "என்னமோ நம்பமாட்டேன்னியே. நடந்துச்சா, இல்லையா?"

"நடந்துச்சுங்க," என்றாள் சகாயம்மாள், கண்ணைத் துடைத்துக்கொண்டு. "பத்து மணிக்கு வச்சிருந்தா, ஸ்டேஷன் ஓடிட்டிருக்கும், முடிக்க முடிக்க ஆளுக்கு ஒரு நேரத்துல பேசியிருக்கும். நீங்க ஒரே நொடின்னு ஊரெல்லாம் சொல்லிட்டீங்க. அதான் மூணு மணிக்கு வைக்கச் சொன்னேன்."