ஏழு உரிமைகளும் ஓர் இரும்புக் கேற்றும்

மனித குலம் தன் உரிமைகளுக்காகப் பல நாடுகளில் இரத்தம் சிந்தியிருக்கிறது. திருகோணமலைச் சங்குமுனை மகா வித்தியாலயத்தில் மட்டும் அவை பிரதி அடிக்கும் ஒரு ரோணியோ மெஷினின் மையைச் சிந்தியே கிடைத்துவிட்டன. அந்த மை சிந்தியது அதிபர் பாக்கியரத்தினத்தின் வெள்ளைக் காற்சட்டையில். சரித்திரக் கறையைக் கழுவக் கூடாது என்று அவர் அதை ஒரு கிழமை அப்படியே போட்டுக்கொண்டு திரிந்தார்.

ஆண்டு ஆயிரத்துத் தொளாயிரத்து அறுபத்தேழு. அந்தக் காலத்தில் மற்றப் பள்ளிக்கூடங்களில் ஒரு பிள்ளையை இடைநிறுத்துவதென்றால் கையைப் பிடித்து வெளியே விடுவார்கள். இரண்டு நாளில் தகப்பன் வந்து நாலு கதை கதைத்து, திரும்பவும் உள்ளே விட்டுவிட்டுப் போவார். இந்தக் காட்டுமிராண்டித்தனம் பாக்கியரத்தினத்துக்கு அடியோடு பிடிக்கவில்லை. பிள்ளைகளுக்குச் சட்டம் இல்லையா? ஒரு மாதம் யோசித்து, 'மாணவர் இடைநிறுத்தம் மற்றும் விலக்கல் தொடர்பான உரிமைப் பிரகடனம்' என்ற ஒன்றை எழுதி, அறுநூறு பிரதி அடித்து, பிள்ளைக்கு ஒன்றாகக் கொடுத்தார்.

உரிமைகள் ஏழு. கருத்தை அச்சமின்றித் தெரிவிக்கலாம். குற்றம் சாட்டப்பட்டால் அதை எழுத்தில் பெறலாம், பதில் சொல்ல அவகாசம் கேட்கலாம், விசாரணை உண்டு, அந்த விசாரணையில் நேரில் இருக்கலாம், தன் சார்பில் ஒருவரைப் பேசவைக்கலாம். கடைசியாக மேன்முறையீடு. அதையும் அதிபரிடமே செய்யலாம் என்பதால் பிள்ளைகள் தூர இடங்களுக்கு அலையத் தேவையில்லை.

உரிமை இருக்கும் இடத்தில் ஒழுங்கும் வேண்டுமல்லவா? அதற்காகக் கேற்றில் ஒரு கட்டளை தொங்கியது: 'பாடசாலை நேரத்தில் எழுத்துமூல அனுமதியின்றி வெளியே செல்லும் எவரும், விசாரணை முடியும்வரை உட்பிரவேசிக்கலாகாது.' முதலில் 'எந்த மாணவரும்' என்றுதான் தட்டச்சாகியிருந்தது. சட்டத்தின் முன் எல்லாரும் சமம் என்று அதிபரே அதை வெட்டி, 'எவரும்' என்று தன் கைப்பட எழுதினார். அந்த வெட்டை வந்தவர் போனவருக்கெல்லாம் காட்டி மகிழ்ந்தார்.

கட்டளையைக் காப்பதற்கு வோச்சர் இராசையா இருந்தார். இருபது வருடம் வெள்ளைக்காரனின் கடற்படைத் தளத்தில் கேற் காத்தவர். ஒருநாள் பாஸை மறந்துவிட்டு வந்த பெரிய துரை ஒருவரை முக்கால் மணித்தியாலம் வெயிலில் நிறுத்திவைத்ததற்காக, அதே துரையிடமிருந்து பாராட்டுக் கடிதம் வாங்கியவர். அந்தக் கடிதத்தைக் கண்ணாடி போட்டு வைத்திருந்தார். அதைப் பார்த்த மாத்திரத்தில்தான் பாக்கியரத்தினம் அவரை வேலைக்கு எடுத்தார்.

முதலாம் உரிமைக்காக, அதிபர் இருந்து வேலைபார்க்கும் கந்தோரின் வாசலில் ஒரு 'கருத்துப் பெட்டி' தொங்கியது. எட்டு மாதத்தில் அதற்குள் விழுந்தவை மூன்று பஸ் ரிக்கெற்றும் ஒரு பல்லியும். ஒன்பதாம் மாதம் ஒரு காகிதம் விழுந்தது.

'விஞ்ஞான கூடத்தின் திறப்பு யாரிடம் இருக்கிறது? பரீட்சைக்கு முன் ஒரு நாளாவது எங்களை உள்ளே விடுவீர்களா? இப்படிக்கு, மு. றுக்கியா, பத்தாம் வகுப்பு.'

விஞ்ஞான கூடம் இரண்டு வருடத்துக்கு முன் நாடா வெட்டித் திறக்கப்பட்டு, பழுதாகிவிடக் கூடாது என்று அன்று பின்னேரமே பூட்டப்பட்டது. அந்தப் பூட்டின் திறப்பு எங்கே போனது என்று ஒருவருக்கும் தெரியாது. பிள்ளைகள் யன்னல் கண்ணாடியில் மூக்கை அழுத்தி நின்றே குடுவை எது, புனல் எது என்று படித்தார்கள்.

அதிபர் காகிதத்தை மூன்று தரம் வாசித்துவிட்டு எழுதுவினைஞர் முத்தலிப்பைக் கூப்பிட்டார்.

"முத்தலிப், இது கருத்தோ?"

"கேள்வி போலத்தான் கிடக்கு சேர்."

"கருத்துச் சொல்லத்தான் நான் உரிமை குடுத்தனான். கேள்வி கேக்க ஆர் குடுத்தது?"

"ஒருத்தரும் குடுக்கேல்லச் சேர்."

குற்றச்சாட்டு மூன்று பிரதிகளில் தட்டச்சானது: 'கருத்துப் பெட்டியினுள் கேள்வி இட்டமை.' பாடம், வீட்டு வேலை என்ற தொந்தரவுகள் இல்லாமல் றுக்கியா தன் உரிமைகளை ஆறுதலாக அனுபவிக்க வேண்டும் என்பதற்காக, விசாரணை முடியும்வரை அவள் இடைநிறுத்தப்பட்டாள்.

றுக்கியாவின் தகப்பன் முனாப் சீனன்குடா எண்ணெய்க் குதத்தில் வேலை செய்கிறவர். அதிகம் கதைக்கமாட்டார். அவருக்குத் தெரிந்தது ஒன்றுதான். சாதாரண தரப் பரீட்சை விண்ணப்பத்தில் அதிபரின் கையெழுத்தும் முத்திரையும் வேண்டும். அது போய்ச் சேரவேண்டிய கடைசித் தபாலுக்கு இன்னும் இருபத்திரண்டு நாள். இடைநிறுத்தப்பட்ட பிள்ளையின் விண்ணப்பத்தில் கையெழுத்து வைக்க ஏலாது என்று அதிபர் சொல்லிவிட்டார். இந்த வருடம் தவறினால் றுக்கியா வீட்டோடுதான் என்பது தகப்பனுக்கும் தெரியும், மகளுக்கும் தெரியும்.

இருவரும் உப அதிபர் கனகமணி டீச்சரின் வீட்டுக்குப் போனார்கள். விஞ்ஞானம் படிப்பிப்பவர் அவர்தான், யன்னலுக்கு வெளியே நின்று.

"அதிபர் பள்ளிக்கூட வளவுக்குள்ள நிக்குமட்டும் நான் ஒண்டிலயும் கையெழுத்து வைக்க ஏலாது பிள்ளை. அவர் வெளியில போனால்தான் பொறுப்பு எனக்கு."

"அவர் வெளியில போறவரோ டீச்சர்?" என்று றுக்கியா கேட்டாள்.

"பள்ளிக்கூட நேரத்தில எங்க போறவர்! தேத்தண்ணி குடிக்கவும் ஆளைத்தான் அனுப்புறவர்."

முதலாம் விசாரணை ஏழாம் நாள் நடந்தது. தலைவர் அதிபர். உறுப்பினர்கள் முத்தலிப்பும், ஓய்வுபெற்ற தபாலதிபர் வேலாப்போடியும். பிள்ளையின் சார்பில் பேச ஒருவர் வேண்டும். பள்ளிக்கூடத்திலேயே நன்றாகப் பேசக்கூடியவர் யார் என்று பார்த்தபோது, அதுவும் பாக்கியரத்தினமாகவே இருந்தார். ஓர் ஏழைப் பிள்ளைக்குக் குறைந்த ஆளைக் கொடுக்க அவருக்கு மனம் வரவில்லை.

ஆனால் பிள்ளையைக் காணவில்லை. அழைப்புக் கடிதத்தில் கையெழுத்து இருந்தது. மை காய்ந்துபோனதால் முத்திரை இல்லை. இராசையா கடிதத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "முத்திரை இல்லாத கடுதாசி வெறும் கடுதாசி பிள்ளை" என்று தகப்பனையும் மகளையும் கேற்றுக்கு வெளியிலேயே நிறுத்திவிட்டார். ஆகவே மேசைக்கு முன்னால் ஒரு வெறுங்கதிரையைப் போட்டு விசாரணையைத் தொடங்கினார்கள்.

"கேள்வி இட்டது உண்மையோ?" என்று தலைவர் கதிரையைக் கேட்டார். கதிரை பேசவில்லை. 'மௌனம் சாதித்தார்' என்று முத்தலிப் எழுதிக்கொண்டார். உடனே அதிபர் எழும்பி மற்றப் பக்கத்துக் கதிரையில் போய் இருந்து, "கனம் தலைவர் அவர்களே, சின்னப் பிள்ளை, தெரியாமல் கேட்டுவிட்டது" என்று உருக்கமாக வாதாடினார். திரும்பி வந்து தலைவர் கதிரையில் இருந்ததும் அந்த வாதம் அவருக்குத் திருப்தியாக இல்லை. அதைத் தள்ளுபடி செய்தார்.

வேலாப்போடி மெல்லக் கேட்டார்: "பிள்ளை நேரில இருக்கோணும் எண்டு அஞ்சாம் உரிமை சொல்லுது, என்ன?"

அதிபர் திடுக்கிட்டார். விசாரணை ஒத்திவைக்கப்பட்டது. பதினான்காம் நாள் கூட வேண்டிய இரண்டாம் விசாரணை, வேலாப்போடிக்கு வாயுப்பிடிப்பு என்பதால் கூடவில்லை. முனாப் இரண்டு நாளும் லீவு போட்டுவிட்டு வந்து, கேற்றடியில் நின்று, போனார்.

இதற்கிடையில் அதிபரின் மூளையில் பெரியதொரு சட்டச் சிக்கல் முளைத்தது. பிள்ளை உள்ளே வந்தால் இடைநிறுத்தம் மீறப்படும். வராவிட்டால் ஐந்தாம் உரிமை மீறப்படும். சாதாரண மனிதர் என்றால் இடைநிறுத்தத்தை எடுத்துவிட்டிருப்பார். பாக்கியரத்தினம் சாதாரண மனிதரல்லர். பிள்ளை உள்ளே வர ஏலாதென்றால் விசாரணையே வெளியே போகட்டும் என்று தீர்மானித்தார். புது மை வாங்கி, அழைப்புக் கடிதத்தில் இந்த முறை முத்திரையை இரண்டு தரம் குத்தினார். கடிதம் பழைய ரோணியோப் படிவம். 'பாடசாலைக்குச் சமூகமளிக்க வேண்டும்' என்று அதில் இருந்ததை மாற்றுவதற்காக இன்னொரு தாளை வீணாக்க அவர் விரும்பவில்லை.

இருபத்திரண்டாம் நாள் காலை பத்து மணி. கேற்றுக்கு வெளியே, கடற்கரை வீதியோரத்து வாகை மரத்தின் கீழ் மேசை போடப்பட்டது. நாலு கதிரையும் ஒரு மேசைவிரிப்பும் ஊர்வலமாக வெளியே போயின. கடைசியாக அதிபர் போனார். இராசையா சல்யூட் அடித்து, கேற்றைச் சாத்தி, பூட்டினார். முனாப்பும் றுக்கியாவும் மரத்தடியில் நின்றார்கள். விண்ணப்பப் படிவம் றுக்கியாவின் கையில் நாலாக மடிந்து வியர்த்துப்போயிருந்தது. தபால் பை கட்டுவது பன்னிரண்டு மணிக்கு.

"குற்றப்பத்திரம்" என்று அதிபர் கையை நீட்டினார்.

முத்தலிப் மேசையைப் பார்த்தார், மடியைப் பார்த்தார். "உள்ளுக்கு விட்டுட்டு வந்திட்டன் சேர்."

எடுத்துவரப் போன முத்தலிப் போன வேகத்திலேயே திரும்பி வந்தார். அதிபர் தானே எழும்பிப் போனார்.

"இராசையா, கேற்றைத் திற."

"பாஸ் இருக்கோ சேர்?"

"நான் அதிபர்!"

"ஓம் சேர். தெரியும் சேர். பாஸ் இருக்கோ?"

"பாஸ் எழுதுறதே நான்தானே!"

"அப்ப எழுதித் தாங்கோ சேர்."

"பாஸ் புத்தகமும் முத்திரையும் உள்ளுக்கு, அலுமாரிக்குள்ள கிடக்கு."

"அப்ப உள்ளுக்குப் போய்த்தான் எடுக்க வேணும் சேர்."

"அதுக்குத்தான் திற எண்டுறன்!"

"பாஸ் இருக்கோ சேர்?"

கோட்டைப் பக்கத்திலிருந்து வந்த ஒரு புள்ளிமான், கேற்றின் பக்கத்தில் மதில் இடிந்திருந்த இடத்தால் நுழைந்து உள்ளே போய்ப் பூச்செடியை மேயத் தொடங்கியது. "அதுக்குப் பாஸ் இருக்கோ?" என்று அதிபர் கத்தினார். இராசையா கட்டளைப் பலகையை ஒருதரம் வாசித்துவிட்டு, "அது பள்ளிக்கூடத்தால வெளியில போன மானில்லைச் சேர்" என்றார். மானைப்போல அந்த இடிந்த மதிலால் ஏறிக் குதிப்பதென்பது ஓர் அதிபருக்கு ஏலாத காரியம். அதுவும் பிள்ளைகள் வகுப்பு யன்னல்களில் நிறைந்திருந்தார்கள்.

அப்போது றுக்கியா முன்னால் வந்து தன் கடிதத்தைக் கம்பிக்குள்ளால் நீட்டினாள். இராசையா மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வாசித்தார்.

"'பாடசாலைக்குச் சமூகமளிக்க வேண்டும்.' இண்டைய திகதி. கையெழுத்து இருக்கு. முத்திரை ரெண்டு. போங்கோ பிள்ளை."

கேற் ஒரு பிள்ளை போகுமளவுக்குத் திறந்து, மூடிக்கொண்டது. வெளியே நின்றவர்களில் உள்ளே போகும் தகுதி பெற்றிருந்தவள் இடைநிறுத்தப்பட்டவள் ஒருத்திதான். அதிபர் சட்டைப்பைக்குள்ளிருந்து திறப்புக் கோர்வையை எடுத்துக் கம்பிக்குள்ளால் கொடுத்தார்.

"பிள்ளை, பெரிய திறப்பு அலுமாரிக்கு. பாஸ் புத்தகத்தையும் முத்திரையையும் கொண்டு கெதியா ஓடி வா."

"ஓம் சேர்" என்று சொல்லிவிட்டு அவள் கோர்வையைப் பார்த்தாள். ஏழாவது திறப்பில் ஒரு சின்ன அட்டை கட்டியிருந்தது. அதில் 'விஞ்ஞான கூடம்' என்று அதிபரின் அழகான கையெழுத்து. றுக்கியாவின் கேள்விக்கு விடை கிடைத்த நேரம் காலை பத்து மணி முப்பத்தைந்து நிமிடம்.

அவள் ஓடித்தான் போனாள், கனகமணி டீச்சரிடம். டீச்சர் யன்னலால் எட்டி, அதிபர் வளவுக்கு வெளியே நிற்பதை நன்றாக உறுதிப்படுத்திக்கொண்டார். விண்ணப்பத்தில் 'பதில் அதிபர்' என்று எழுதிக் கையெழுத்து வைத்தார். அலுமாரியைத் திறந்து முத்திரையை எடுத்துக் குத்தினார். அலுமாரிக்குள்ளேயே கிடந்த கேள்விக் காகிதத்தின் கீழே, 'திறப்பு அதிபரிடம் இருந்தது. கேள்விக்குப் பதில் கொடுக்கப்பட்டது. விசாரணை முடிவுற்றது' என்று எழுதி அதற்கும் ஒன்று குத்தினார். பிறகு பத்தாம் வகுப்பை வரிசையாகக் கூட்டிக்கொண்டு விஞ்ஞான கூடத்தடிக்குப் போனார். இரண்டு வருடப் பூட்டு கொஞ்சம் முரண்டு பிடித்துத்தான் திறந்தது. உள்ளேயிருந்து முதலில் தூசியும், பிறகு தும்மலும், பிறகு பிள்ளைகள் சிரிக்கிற சத்தமும் வந்தன.

கேற்றடியில் அதிபர் ஐம்பது நிமிடம் நின்றிருந்தார். கால் வலித்தது. வீதியால் போன மீன்காரர் ஒருவர் சைக்கிளை நிறுத்தி, "என்ன சேர், பிள்ளையைச் சேர்க்க வந்தனீங்களோ?" என்று அன்போடு விசாரித்துவிட்டுப் போனார்.

றுக்கியா டீச்சரோடு வந்தாள். முதலில் விண்ணப்பம் இருந்த உறையைக் கம்பிக்குள்ளால் தகப்பனிடம் கொடுத்தாள். முனாப் அதைச் சட்டைக்குள் வைத்து, சைக்கிளில் காலைப் போட்டுக்கொண்டு நின்றார்.

"டீச்சர், கேற்றைத் திறக்கச் சொல்லுங்கோ!" என்றார் அதிபர்.

"பதறாதேங்கோ சேர். உங்களுக்கு எல்லா உரிமையும் இருக்கு." கனகமணி டீச்சர் பிரகடனத்தின் ஒரு பிரதியைக் கம்பிக்குள்ளால் நீட்டினார். "குற்றச்சாட்டை எழுத்தில தருவம். பதில் சொல்ல ஏழு நாள் அவகாசம் தருவம். விசாரணை வைப்பம். உங்கட சார்பில பேச நல்ல ஆள் வேணுமெண்டால் நானே..."

"எனக்கு உரிமை ஒண்டும் வேண்டாம்!" பாக்கியரத்தினம் இரண்டு கையாலும் கம்பியைப் பிடித்துக்கொண்டு அலறினார். "என்னை உள்ளுக்கு விட்டால் காணும்!"

முனாப் அந்த இருபத்திரண்டு நாளில் முதல் தடவையாக வாயைத் திறந்தார்.

"நாங்களும் அதைத்தானே சேர் கேட்டனாங்கள்."

சொல்லிவிட்டுத் தபாற்கந்தோர்ப் பக்கம் சைக்கிளை மிதித்தார். அவர் வளைவில் மறைந்த பிறகுதான் டீச்சர் பாஸ் எழுதினார். இராசையா முத்திரையை வெயிலில் பிடித்துப் பார்த்துவிட்டு, சல்யூட் அடித்து, கேற்றைத் திறந்தார்.

இவ்வளவு பெரிய சட்ட மேதை, ஏழு உரிமைகளை நினைத்து நினைத்து எழுதியவர், கேற்றுக்கு உள்ளே வருகிற உரிமையை மட்டும் எப்படி மறந்தார் என்று சிலர் கேட்கக்கூடும். அவர் மறதிக்காரர் அல்லர். அந்தப் பிரகடனத்தை எழுதும்போது அவர் உள்ளே இருந்தார்.