ஒன்றரைக் கிலோ பந்தும் அக்கா கல்யாணமும்

பெரிய மூளை என்று நினைத்துக்கொண்டு நான் செய்த காரியங்களில் முதலிடம் ஓர் இரும்புப் பந்துக்குத்தான். தொண்ணூறுகளின் நடுவில் கோயமுத்தூரில் கல்லூரியில் படித்துக்கொண்டிருந்தேன். அங்கே பேஸ்பால் அணியில் பந்து வீசுவது என் வேலை. (ஊரே கிரிக்கெட் ஆடும்போது இது எதற்கு என்று கேட்காதீர்கள். கிரிக்கெட் அணியில் என்னைச் சேர்க்கவில்லை.)

எங்கள் விளையாட்டு மாஸ்டர் நல்ல மனிதர், ஆனால் சலிப்பூட்டுபவர். ஜன்னல் கம்பியில் பழைய சைக்கிள் டியூபைக் கட்டி இழுக்கச் சொல்வார். வீசுவதை எண்ணி எண்ணி வீச வேண்டும், ஒருநாள் விட்டு ஒருநாள் கைக்கு ஓய்வு.

“வலிச்சா அன்னைக்கு நிறுத்திப்போடோணும். கை உங்க கைதானுங்க, காலேஜு குடுத்ததில்லீங்க” என்பார்.

டியூப் இழுத்து எவனாவது பலசாலி ஆவானா? பெரியநாயக்கன்பாளையத்தில் எங்கள் அப்பா பம்ப்செட் பாகங்கள் செய்யும் பட்டறை வைத்திருந்தார். அதையொட்டி இருந்த எங்கள் வார்ப்பாலையில் மணல் அச்சு போடும் ஆறுச்சாமி அண்ணனிடம் பேஸ்பாலைக் கொடுத்து, இதே அளவில் இரும்பில் ஒன்று வார்த்துத் தரச் சொன்னேன்.

“எதுக்குங்க தம்பி? கோயிலுக்குங்களா?”

“விளையாடறதுக்குங்கண்ணா.”

அவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். ஆனாலும் முதலாளி மகன் கேட்டால் என்ன செய்வார், வார்த்துக் கொடுத்தார். ஒன்றரைக் கிலோ இருந்தது. இதை ஒரு வாரம் வீசிவிட்டு நிஜப் பந்தைத் தொட்டால் அது மேட்டுப்பாளையம் தாண்டிப் போய் விழும் என்பது என் கணக்கு.

அப்போது கோமதி அக்காவின் கல்யாணம் நெருங்கிக்கொண்டிருந்தது. அது முடிந்து இரண்டு வாரத்தில் எங்களுக்குப் போட்டி. அப்பா முன்பே சொல்லியிருந்தார். “இதப் பாரு கண்ணு, கல்யாணத்துக்குள்ள கையைக் காலை ஒடச்சுக்கிட்டு வந்தீன்னா, பந்தாட்டத்துக்கு முழுக்குப் போட்டுட்டு லேத்துல வந்து நின்னுக்கோ.”

வீச ஆரம்பித்த நான்காம் நாள், கல்யாணத்துக்கு இரண்டு நாள் முன்பு, பட்டறைக்குப் பின்னாலிருந்த மணல் குவியலை நோக்கி வேகமாக வீசினேன். தோளுக்குள் ஏதோ நறுக்கென்றது. பந்து காலடியில் விழுந்தது. கை அதற்குமேல் எழவில்லை. போட்டி போச்சு, லேத் வந்தாச்சு என்று நினைத்தேன்.

வெளியே சொல்ல முடியுமா? இரண்டு நாள் தைலத்தில் ஊறினேன். கை வாய்க்கு வராததால் வாயைத் தட்டுக்குக் கொண்டுபோனேன். “நிமுந்து உக்காந்து சாப்புடு கண்ணு” என்று அம்மா திட்டினார். இன்னும் ஒரே ஒரு நாள், சமாளித்துவிடலாம் என்றுதான் இருந்தேன். கைகோர்வை என்று ஒரு சீர் இருப்பது எனக்கு மறந்தே போயிருந்தது.

எங்கள் பக்கக் கல்யாணத்தில் மாப்பிள்ளையும் பெண்ணின் உடன்பிறந்தவனும் எதிரெதிரே உட்கார்ந்து கைகோர்த்துக்கொள்ள வேண்டும். வாழ்த்துப் பாட்டு பாடி முடிக்கும்வரை எடுக்கக் கூடாது. அவிநாசி மண்டபத்து மணவறையில், இடது கையால் வலது கையைத் தூக்கி மாப்பிள்ளையிடம் ஒப்படைத்தேன். அவரும் என்னை நேசத்தோடு பற்றி, லேசாகத் தன் பக்கம் இழுத்தார்.

பாட்டு நீண்டது. இவ்வளவு நீளமாகவா ஒரு குடும்பத்தை வாழ்த்துவார்கள்? பாதிப் பாட்டில் என் கண்ணிலிருந்து பொலபொலவென்று கொட்டியது. உதட்டைக் கடித்தும் ஒரு கேவல் வெளியே வந்துவிட்டது.

பாடியவரே ஒரு கணம் நிறுத்திவிட்டார். மாப்பிள்ளையின் அம்மா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். “ஏனுங்க, அக்கா மேல என்ன பாசம் பாத்தீங்களா! இப்படியொரு தம்பி யாருக்குங்க கிடைப்பான்?” அவ்வளவுதான், பெண்கள் வரிசை முழுவதும் அழத் தொடங்கியது. மாப்பிள்ளையும் நெகிழ்ந்துபோய் என் கையை இன்னும் இறுக்கிப் பிடித்தார். நான் இன்னும் அழுதேன்.

அக்கா மட்டும் அழவில்லை. மூக்கை உறிஞ்சினாள். “தைல வாசம் வருது. பந்து வீசுற கைதானே?” என்று எனக்கு மட்டும் கேட்கும்படி சொன்னாள். கடைசிவரை அப்பாவிடம் சொல்லவில்லை, அதுதான் அக்கா.

சாப்பாடு முடிந்ததும் அப்பா என்னைத் தனியாகக் கூப்பிட்டார். அவர் கண்ணும் சிவந்திருந்தது. “இத்தனை பாசத்தை மனசுல வெச்சிருக்கறது தெரியாம லேத்து, கீத்துன்னு பேசிப்போட்டேன். நீ போயி ஆடிட்டு வா கண்ணு” என்றார். மறுநாள் வீட்டுக்குத் தெரியாமல் போய்ப் பார்த்த ஆர்.எஸ்.புரத்து எலும்பு டாக்டர், ஒன்றரை மாதம் பந்தைத் தொடக் கூடாது என்றார். அந்தப் போட்டிக்கு நான் ஸ்கோர் எழுதப் போனேன், அதுவும் இடது கையால். பிறகு ஒழுங்காக டியூப் இழுத்து மறுவருஷம் ஆடினேன், வலியே இல்லை.

அக்காவின் மாமியார் வீட்டில் எனக்கு இன்றைக்கும் ராஜ மரியாதை. யார் வீட்டுக் கல்யாணம் என்றாலும் ‘அழுத தம்பி’ கதை ஓடும். அதில் எனக்குச் சந்தோஷம்தான்.

ஒரே ஒரு குறை. அன்று சாயங்காலம் அக்காவை ஏற்றிக்கொண்டு கார் கிளம்பியபோது, மண்டபத்துத் தூணுக்குப் பின்னால் நின்று நான் நிஜமாகவே அழுதேன். அப்போது கை வலிக்கவே இல்லை. காரிலிருந்து அக்கா திரும்பிப் பார்த்தாள். இதை எத்தனையோ முறை அவளிடம் சொல்லிவிட்டேன்.

“போடா, அப்பவும் தோளுதான் வலிச்சிருக்கும்” என்கிறாள்.