சேய்த்கலியின் ரெண்டே வார்த்தை

"சுருக்கமா ரெண்டே வார்த்தை சொல்லிக்கிறேன்" என்ற குரல் ஒலிபெருக்கியில் இரண்டாம் முறை கேட்டபோது, மர்குலானின் வலது கால் பெடலின் மேலேயே உறைந்து நின்றது.

அல்மாத்தியில் ஒரு கல்யாண விருந்து. மேடை படம் எடுத்துக்கொள்ள மட்டும் வேண்டுமாம். அதனால் அவனை, அலங்காரத்துக்குப் பூக்களால் எழுப்பிய பூச்சுவருக்குப் பின்னால் தள்ளியிருந்தார்கள். 'தனி ஒருவன், முழு இசைக்குழு' என்று அட்டை அடித்து வைத்திருப்பவனுக்கு அது சின்ன அவமானமல்ல. கித்தார் பலகையில் தட்டி, காலடியில் இருக்கும் பதிவுப் பெட்டியின் பெடலை மிதிப்பான். தட்டியது பதிவாகி ஓயாமல் சுற்றிச்சுற்றி ஒலிக்கும். அதன்மேல் கனத்த தந்தி, அதற்கும் மேல் மெல்லிசை என்று அடுக்கிக்கொண்டே போவான். சபை அசந்துவிடும் என்பது அவன் நம்பிக்கை.

உண்மையில் அசர வேண்டியவர் ஒருவர்தான்: சேய்த்கலி. அவர் மகள் ஜௌரெஷைத்தான் அவன் பெண் கேட்டிருந்தான். வாசிப்பைக் கேட்டுவிட்டுப் பதில் சொல்கிறேன் என்றிருந்தார். இப்போது வாழ்த்துரைக்க எழுந்திருப்பவரும் அவரே.

"சுருக்கமா ரெண்டே வார்த்தை சொல்லிக்கிறேன்." மூன்றாம் முறை. அதே இருமலோடு.

"என்னடா, மாமனாரையே பதிஞ்சு சுத்த விட்டுட்டியா?" ஒலிபெருக்கிக்காரன் ரினாத் குதிரைக் கறியை மென்றபடி கேட்டான்.

"ஐயோ, மைக்கை மூட மறந்துட்டேன்டா!"

"அழிச்சுத் தொலை. வாழ்த்து முடிஞ்சதும் குடிக்கலாம்னு கிளாஸைத் தூக்கிப் பிடிச்சவனுக்கெல்லாம் கை கடுக்குது."

மர்குலான் மிதித்தான். தாளம் நின்றது. குரல் நிற்கவில்லை.

"தாளத்தைக் கொன்னுட்டே. மாமா உசுரோடதான் இருக்காரு."

மறுபடி மிதித்தான். கனத்த தந்தியும் போயிற்று. துணைக்கு ஆளில்லாமல் குரல் மட்டும் ஒலித்தது: "சுருக்கமா ரெண்டே வார்த்தை..."

அமுக்கிவிடலாம் என்று வெறி பிடித்தவன்போல் கித்தாரை மீட்டினான். குரலும் விடாமல் ஏறியது.

"உன் பெட்டிக்கு ரோஷம் வேற வருதே!" என்றான் ரினாத்.

சபையில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். மர்குலானின் நெற்றி வியர்த்தது.

"வேணும்னே கேலி பண்றேன்னு நெனப்பாரு. போச்சு, ஜௌரெஷ் போச்சு!"

"அப்போ ஒரே வழிதான். பிளக்கைப் பிடுங்கு."

"எந்தப் பிளக்கை?"

"யோசிக்கிற நேரமா இது? எல்லாத்தையும்!"

பிடுங்கினான். ஒலிபெருக்கி, விளக்குகள், சாக்லேட் ஊற்று எல்லாம் ஒன்றாக அடங்கின. ஒரு கணம் அமைதி. பிறகு மண்டபம் இடிந்து விழுகிற மாதிரி கைதட்டல்.

பூச்சுவரை விலக்கிக்கொண்டு, கைபேசி வெளிச்சத்தில் ஒரு தலை எட்டிப் பார்த்தது. சேய்த்கலியின் மனைவி பீபிகுல். மர்குலான் எழுந்து நின்று கும்பிடாத குறையாகக் கெஞ்சினான்.

"அத்தை, சத்தியமா வேணும்னு செய்யலை. மாமா குரல் என் பெட்டியில மாட்டிக்கிச்சு. என்ன மிதிச்சும் அதையே திரும்பத் திரும்ப..."

"உன் பெட்டியில ஒண்ணும் மாட்டலை மாப்பிள்ளை, அவரு எப்பவும் பேசுறதே அப்படித்தான், முப்பது வருஷமா நான் தேடுற பிளக்கு உனக்கு மட்டும் எப்படிக் கெடைச்சுது?"