எல்லாரும் நல்லா கீறாங்க

வண்டலூரில் காசு கொடுத்துக் கரடி, காண்டாமிருகம் எல்லாம் பார்த்திருப்பீர்கள். காசில்லாமல் பார்க்கக் கிடைக்கும் ஜீவராசி ஒன்று உண்டு. அதற்குக் கட்டுக்காவலர் என்று பெயர் வைத்திருக்கிறேன். அடுத்தவர் ரகசியத்தை அந்த அடுத்தவரிடமிருந்தே காப்பாற்றுவது அதன் பிறவிப் பயன்.

மனநோய் ஆஸ்பத்திரி ஒன்றின் ரெக்கார்டு ரூம் கிளார்க் நடேசன் இந்த இனத்தில் முதல் தரம். நோயாளிகளின் கேஸ் கட்டுகள் இருக்கும் பீரோச் சாவியை அரைஞாண் கயிற்றில் முடிந்து, குளிக்கும்போதும் அவிழ்க்காமல், பாதி இடுப்பு துருவேறிப்போனவர் (சத்தியமாக! நடந்தால் கிறீச்சிடும்) அவர். ஆனால் சாயங்காலம் பென்னலூர் டீக்கடையில் உட்கார்ந்து, "ஒருத்தர்கிட்டயும் சொல்லாதீங்க" என்று ஆரம்பித்தால், ஃபேக்டரி பஸ்ஸே இன்ஜினை அணைத்துவிட்டுக் கேட்கும். யாரிடம் சொல்ல மாட்டார்? நோயாளியிடம்.

எல்லப்பன் கதையைப் பாருங்கள். ஃபேக்டரியில் ஓவர்டைம் மேல் ஓவர்டைம் பார்த்து, தூக்கம் கெட்டு, லேத் மெஷினுக்குத் தாலாட்டுப் பாடியதால் இரண்டு வாரம் அந்த ஆஸ்பத்திரியில் இருந்தான். தேறினான். செங்கமலத்தை அவனுக்கு நிச்சயம் செய்யப் பெண் வீட்டார் வந்தார்கள். வந்தவர்கள் மாப்பிள்ளையைப் பார்க்கவில்லை. அவன் அம்மா பாப்பம்மாளின் நகத்தைப் பார்த்தார்கள். விரல் விரலாக!

"இன்னாம்மா, ஜோசியமா?"

"இல்ல, நீங்க புள்ளயப் பிறாண்டுவீங்களாமே. கட்டுல எழுதிக்கீதுன்னு நடேசன் சொன்னாரு."

எல்லப்பன் ரெக்கார்டு ரூமுக்கு ஓடினான்.

"சார், என் கட்ட ஒரு தபா பாக்கணும்."

"கூடாதுப்பா. ரகசியம்."

"யாரோட ரகசியம்?"

"உன்னோடதுதான். அதான் உனக்குக் காட்டல."

"ஊருக்கே சொன்னீங்களே சார்!"

"ஊருக்கு மனசு தாங்கும். நீ தாங்குவியா?"

ஆனாலும் இரக்கப்பட்டு, கட்டைத் தன் மார்போடு அணைத்தபடியே பிரித்து, டாக்டரின் இங்கிலீஷை மொழிபெயர்த்தார்: "வூட்ல யாரு யாருன்னு கேட்டதுக்கு, அம்மா பிறாண்டுறாங்க, அக்கா பிறாண்டுறாங்கன்னு சொல்லிக்கீற. பூனை பிறாண்டுறத மட்டும் நம்பலாம்னு டாக்டர் எழுதிக்கீறாரு."

எல்லப்பன் யோசித்தான். டாக்டர் திருநெல்வேலிக்காரர்; இந்தப் பக்கத்துப் பேச்சு அவருக்குப் புதுசு.

"சார், உங்க வூட்ல எல்லாரும் எப்டி கீறாங்க?"

"எல்லாரும் நல்லா கீறாங்கப்பா."

"அப்போ நீயும் உள்ள போய்ப் படு சார்! நானும் அதத்தான் சொன்னேன்! அம்மா கீறாங்க, அக்கா கீறாங்க, ஒரு பூனையும் கீது!"

நடேசனுக்குப் புரிந்தது. சிரித்தார். கட்டை மூடி, வழக்கமாக ஒரு முடிச்சுப் போடுபவர் அன்று இரண்டு போட்டார்.

"டாக்டர்கிட்ட திருத்தச் சொன்னா, நீ கட்டப் பாத்துட்டேன்னு தெரிஞ்சுபூடும். ரூல் ஒத்துக்காது."

"அப்ப என் கல்யாணம்?"

"அதெல்லாம் கட்டுல இல்லப்பா."

பாப்பம்மாள் பத்து நகத்தையும் ஒட்ட வெட்டிக்கொண்டு பெண் வீட்டுக்குப் போனாள். "வெட்டினா வளராதா?" என்று கேட்டுவிட்டு, செங்கமலத்தை மறைமலை நகரில் வேறு ஒருவனுக்குக் கட்டிக் கொடுத்தார்கள். எல்லப்பனின் கேஸ் கட்டுக்குள் அவன் வீடு இன்னும் அவனைப் பிறாண்டிக்கொண்டுதான் இருக்கிறது.

சிரிக்கிறீர்களா? போன மாதம் உங்கள் மாமனாரின் எக்ஸ்ரேயை எட்டு வீட்டு ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிக் காட்டிவிட்டு, அவரிடம் மட்டும் "ஒண்ணுமில்ல மாமா, வாயு" என்றீர்களே!

எதற்கும் இடுப்பைத் தடவிப் பாருங்கள். கையில் துரு ஒட்டுகிறதா?