ராஜினாமாவுக்கு அரை டஜன் சாத்துக்குடி

தாம்பரத்துக்குத் தெற்கே உள்ள அத்தனை கம்பெனிகளையும் சல்லடை போட்டுச் சலித்தாலும் சாத்துக்குடி சாரைப் போல ஓர் இம்சை அகப்படாது. இதைக் கோபத்தில் சொல்லவில்லை. நிதானமாக, காபி குடித்து முடித்துவிட்டுத்தான் சொல்கிறேன்.

நான் வேலைக்குச் சேர்ந்தபோது எங்கள் கம்பெனி குரோம்பேட்டையில், ஜிஎஸ்டி சாலையில், ஒரு செருப்புக்கடையின் மாடியில் இருந்தது. கிளினிக்குகளில் டோக்கன் போடுகிற சாஃப்ட்வேர் செய்தோம். பதினாலு பேர், ஒரே ஒரு பாத்ரூம். பதினைந்தாவது ஆள் இவர். தண்ணீர் கேனுக்குச் சொல்வது, ஏசி மெக்கானிக்கை விரட்டுவது, கரண்ட் போனால் மின்வாரியத்துக்குப் போன் போட்டுத் திட்டு வாங்குவது, இதெல்லாம் அவர் இலாகா. ஒழுங்காகத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். கம்பெனி வளர்ந்ததுதான் வினையாகிவிட்டது.

மளமளவென்று இருநூறு பேர் ஆனோம். பெருங்களத்தூர் பக்கம் கண்ணாடிக் கட்டடத்துக்குக் குடிபோனோம். உட்கார்ந்தால் யாராவது கைகொடுத்துத் தூக்கிவிட வேண்டிய மூட்டை நாற்காலிகள் வந்தன. எங்கள் முதலாளிக்கு என்னைவிட இரண்டு வயது குறைவு. முதலாளி என்று சொன்னால் முகம் சுருங்கும், ஃபவுண்டர் என்று திருத்துவார். அவர் வெள்ளிக்கிழமைதோறும் மைக்கைப் பிடித்து, நாமெல்லாம் ஒரே ஃபேமிலி என்று பேச ஆரம்பித்தார். ஃபேமிலிக்குள் நுழைய எதற்குக் கழுத்தில் அட்டை என்று யாரும் கேட்கவில்லை. எல்லாரும் கைதட்டினோம், சமோசா தின்றோம், மறந்தோம். தண்ணீர் கேன் சார் ஒருத்தர் மட்டும் அதை அப்படியே நம்பித் தொலைத்தார். நம்புகிற ஆள் ஒருவராவது இருக்கிறாரே என்று ஃபவுண்டருக்கே உச்சி குளிர்ந்திருக்க வேண்டும், அவரையே ஹெச்.ஆர். மேனேஜர் ஆக்கிவிட்டார்.

ஃபேமிலியில் ஒருத்தர் கோபித்துக்கொண்டு போனால் என்ன செய்வோம்? வீட்டுக்குப் போய்ச் சமாதானம் பேசுவோம். இவரும் அதையே செய்தார். யாராவது ராஜினாமா கடிதம் அனுப்பினால் அதற்குப் பதில் வராது. ஞாயிற்றுக்கிழமை காலையில் அவரே வருவார். கையில் ஒயர் கூடை, அதில் அரை டஜன் சாத்துக்குடி. வேலையை விட்டுப் போகிறவனுக்கு உடம்பில் ஏதோ கோளாறு என்பது அவர் கட்சி. பழத்தையாவது பார்த்து வாங்குவாரா என்றால் அதுவும் இல்லை. ஒவ்வொன்றும் பல் கூசுகிற புளிப்பு. பெயர் வைத்தது நான்தான். அதில் எனக்கு இன்றைக்கும் கொஞ்சம் பெருமை உண்டு.

பீர்க்கன்கரணையில் எங்கள் டெஸ்டிங் ஆள் ஒருவன் இருந்தான். ஆறடி உயரம், ஜிம் உடம்பு. அவன் வீட்டில் சாத்துக்குடி சார் பேசியது கால் மணி நேரம். அவன் அம்மா அழுது, மகன் கையில் போனைத் திணித்து, ராஜினாமாவை வாபஸ் வாங்கும் மெயிலைப் பக்கத்திலேயே நின்று அடிக்க வைத்தார். கோவளம் பக்கத்துப் பையன் ஒருவன் வேலையை விட்டபோது அந்தக் குப்பத்துக்கும் போனார். அவன் அப்பா கடலுக்குப் போகிறவர். போகும்போது சாத்துக்குடியோடு போன சார், திரும்பும்போது முழு வஞ்சிரத்தோடு வந்தார். மறுநாள் பையனும் வந்துவிட்டான். படிப்பும் பட்டமும் எல்லாம் ஆபீசோடு சரி, இவர் வீட்டுப் படியேறினால் நாமெல்லாம் ஸ்கூல் பிள்ளைகள்தான்.

என் முறையும் வந்தது. சிறுசேரியில் நல்ல வேலை கிடைத்தது, கடிதம் கொடுத்தேன். கிழக்குத் தாம்பரத்தில் எங்கள் வீடு. அப்பா ஓய்வுபெற்ற தலைமையாசிரியர். ஞாயிறு ஆராதனை முடிந்து நாங்கள் வீட்டுக்குள் நுழைந்து மின்விசிறியைப் போடுவதற்குள் ஒயர் கூடை வந்துவிட்டது. மனுஷன் எங்கள் வாசல் மாமரத்தைப் புகழ்ந்தார். கேக் சாப்பிட்டார், இன்னொரு துண்டு கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். வீடு சொந்தமா, பென்ஷன் ஒழுங்காக வருகிறதா, அண்ணன் எங்கே இருக்கிறான் என்று கூச்சமே இல்லாமல் விசாரித்தார். எல்லார் வீட்டிலும் இதே கேள்விகள்தான் கேட்பாராம். அப்பாவும் ஏதோ இன்ஸ்பெக்ஷனுக்கு வந்த அதிகாரியிடம் சொல்வது போல ஒன்று விடாமல் ஒப்பித்தார். கடைசியில் என்னை ஒரு வார்த்தை கேட்காமல், "திங்கட்கிழமை வருவா சார்" என்று அனுப்பிவைத்தார். எனக்கு அப்போது இருபத்தெட்டு வயது. சிறுசேரி வேலை போயே போச்சு.

இதையெல்லாம்கூட மன்னித்திருப்பேன். போன வருடம் ஒரு வியாழக்கிழமை காலை மெயில் ஒன்று வந்தது. கம்பெனி புதிய பாதையில் போகிறதாம், அந்தப் பாதையில் எனக்கு இடமில்லையாம். ஃபேமிலி என்ற சொல் அதிலும் இரண்டு தடவை இருந்தது. படித்து முடிப்பதற்குள் லேப்டாப் பூட்டிக்கொண்டது. மெயிலின் அடியில் சாத்துக்குடி சாரின் பெயர்.

வேலை போனது பெரிதில்லை, இன்னொன்று தேடிக்கொள்ளலாம். அப்பாவிடம் எப்படிச் சொல்வது? அவருக்கு ஒரு தீர்மானம் உண்டு. சர்ச்சில் கூடப் பாடுகிற நண்பரின் மகனுக்கு வேலை போனபோது, அவர் காதுபடவே, "சும்மா யாரையும் அனுப்ப மாட்டாங்க, ஏதாவது பண்ணியிருப்பான்" என்றவர். அந்த நண்பர் அதோடு பேச்சை நிறுத்திக்கொண்டார். அந்த வாய் என்னையும் அப்படிச் சொல்லிவிட்டால்? சொல்லவில்லை. மறுநாள் வழக்கம்போலச் சாப்பாட்டு டப்பாவை எடுத்துக்கொண்டு கிளம்பினேன். தாம்பரம் ஸ்டேஷன் பெஞ்சில் உட்கார்ந்து, போனில் வேலைக்கு விண்ணப்பம் போட்டு, மத்தியானம் தயிர்சாதம் தின்று, மாலையில் களைத்தவள் மாதிரி வீடு திரும்பினேன். இப்படி ஆறு வேலை நாள்.

அடுத்த ஞாயிறு காலை கேட் திறக்கிற சத்தம் கேட்டது. எட்டிப் பார்த்தால் ஒயர் கூடை.

கண்ணால் ஜாடை காட்டினேன், தலையை ஆட்டினேன், கையைக்கூட எடுத்துக் கும்பிட்டேன். எதிரே நிற்பவர் முகத்தைப் படிக்கிற சாமர்த்தியம் அந்த மனுஷனுக்கு ஆண்டவர் கொடுக்கவில்லை. கூடையை அப்பாவின் காலடியில் வைத்துவிட்டு நின்றுகொண்டே சொன்னார்:

"மன்னிச்சுடுங்க சார். பாப்பா வேலை போனதுக்கு நான்தான் காரணம்."

அப்பா பேப்பரை மடித்தார். "எந்த வேலை?" என்றார்.

அப்போதாவது நிறுத்தினாரா? இல்லை. ஃபவுண்டர் கூப்பிட்டுப் பதினோரு பேரை அனுப்பணும், பேர்களை நீயே போடு என்று சொல்லிவிட்டாராம். வேலை பார்க்காதவன் யார் என்று தேடினால் அப்படி ஒருத்தனும் இல்லையாம்.

"நான் எல்லார் வூட்டுக்கும் போயிகீறேன் சார். எவன் வாடகைல கீறான், எந்த வூட்ல ஒரே சம்பளத்துல ஆறு பேர் துன்றாங்கோ, அல்லாம் தெரியும். அவங்க பேரை எழுதக் கை வர்ல. உங்களுக்குப் பென்ஷன் கீது, சொந்த வூடு கீது, மாமரம் கீது. பாப்பா தாங்கிக்கும்னு போட்டேன். அது வேலைல ஒரு தப்பும் கிடையாது சார். எழுதிக் குடுக்கட்டா?"

எனக்குக் கோபம் தலைக்கு ஏறிவிட்டது. மாமரம் இருக்கிறதென்று யாராவது வேலையை விட்டு அனுப்புவார்களா என்று கத்தினேன். அவர் என்னை ரொம்பப் பரிவாகப் பார்த்து, "நல்லா காய்க்குதே பாப்பா" என்றார். இந்த ஆளுக்கு எதைச் சொல்லி எதைப் புரியவைப்பது? அப்பா அன்றைக்கு அந்த இரண்டாவது கேக் துண்டைக் கொடுக்காமல் இருந்திருந்தால் என் வேலை தப்பித்திருக்கும் என்றுதான் எனக்கு இன்றைக்கும் தோன்றுகிறது.

அப்பா உள்ளே போய் ஒரு வெள்ளைத் தாளும் பேனாவும் கொண்டுவந்து அவர் முன்னால் வைத்து, "எழுதிக் குடுங்க" என்றார். சாத்துக்குடி சார் நாக்கைத் துருத்திக்கொண்டு எழுதினார், கையெழுத்தும் போட்டார். அப்பா அதை இரண்டு தடவை படித்தார், மடித்துப் பைபிளுக்குள் வைத்தார். அப்புறம் என் பக்கம் திரும்பினார்.

"இத்தனை நாளா எங்கம்மா உக்காந்து சாப்பிட்ட?"

"ஸ்டேஷன்லப்பா."

"நாளையிலேர்ந்து வீட்ல சாப்பிடு."

எனக்கு அழுகை வந்துவிட்டது. நான் அழுவதைப் பார்த்துச் சாத்துக்குடி சாரும் அழுதார். அப்பா மட்டும் எழுந்து போய் அந்தப் பழைய நண்பருக்குப் போன் போட்டு, மாலையில் வீட்டுக்கு வரட்டுமா என்று கேட்டார்.

சாத்துக்குடி சார் கிளம்பும்போதுதான் எனக்கு ஒன்று உறைத்தது. வேலை போனவர்கள் எல்லாரும் போனில் ஒரு குழு வைத்திருந்தோம், அதில் பத்துப் பேர்தான். பதினோராவது ஆள் யார் என்று கேட்டேன். செருப்பை மாட்டுவதில் ரொம்ப மும்முரமாக இருந்தவர், "அவன் வூட்ல வசதிதான் பாப்பா, வுடு" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

அது அவர்தான், தன் பெயரையே எழுதியிருக்கிறார். கண்ணாடிக் கட்டடத்துக் காவலாளி சொல்லி அடுத்த வாரம் தெரிந்தது. மறு ஞாயிறு அப்பாவும் நானும் கூடுவாஞ்சேரிக்குப் போனோம். ஏரியைத் தாண்டி, புது மனைகளுக்கு நடுவே அவர் வீடு. முன்பக்கம் மட்டும் பூசி, மற்ற மூன்று பக்கமும் செங்கல் தெரிய நின்றது. மரம் என்று சொல்ல ஒரு முருங்கைக் குச்சி. அவர் மனைவி பால்வாடியில் வேலை பார்க்கிறார், பெண்கள் இருவர் படித்துக்கொண்டிருந்தார்கள். அந்த ஒரே சம்பளத்தில் நாலு பேர். எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவில்லை.

"எல்லார் வீட்டையும் போய்ப் பாத்தீங்களே சார், இந்த வீட்டை ஒரு தடவை வந்து பாக்கக் கூடாதா?" என்றேன்.

அவர், நான் கொண்டுபோன கூடையிலிருந்து ஒரு சாத்துக்குடியை எடுத்து உரித்தார். ஒரு சுளை தின்றார். "இன்னா பாப்பா, இவ்ளோ தித்திப்பா கீது?" என்றார்.

தித்திக்காமல் என்ன செய்யும்? தாம்பரம் மார்க்கெட்டில் பழக்காரம்மா திட்டத் திட்ட, ஒவ்வொன்றாகக் கையில் உருட்டிப் பார்த்துப் பொறுக்கியவை. இப்போது எனக்கு வேறு வேலை கிடைத்துவிட்டது, அவருக்கும் ஒரு பள்ளிக்கூடத்தில் ஏதோ வேலை. அவர் மேல் எனக்குக் கோபம் தீரவில்லை, தீராது. ஆனாலும் ஞாயிற்றுக்கிழமை காலையில் கேட் சத்தம் கேட்டால், ஒயர் கூடையாக இருக்கக் கூடாதா என்று நினைத்துக்கொண்டேதான் எட்டிப் பார்க்கிறேன்.