அரண்மனையாருக்கு ஒரு வரி

பாரிஸின் லா சப்பலில் வாழ்ந்த தமிழர்களில் அரண்மனைகளைப் பற்றி அதிகம் பேசியவர் அரண்மனையார்தான். அவருக்குத் தெரிந்தது ஒரேயொரு அரண்மனை என்பது வேறு விஷயம்.

அது பாரிஸில் இல்லை, பிரான்ஸிலேயே இல்லை. தாய்லாந்தில், பாங்கொக்கிலிருந்து ஒன்றரை மணி நேர ரயில் தூரத்தில், பாங் பா-இன் என்ற ஊரில் இருக்கிறது. அந்த நாட்டு ராஜாக்களின் கோடை மாளிகை. எண்பதுகளின் நடுவில் லா சப்பலுக்குக் கறிவேப்பிலை வாங்க வந்த எவரும் அதன் வரலாற்றைக் கேட்காமல் வீடு திரும்பியதில்லை. ஒரு கட்டுக் கறிவேப்பிலைக்கு முந்நூறு வருட வரலாறு கேட்டவள் நான். அந்தக் கோபம் இன்னும் ஆறவில்லை.

அவர் இலங்கையின் மன்னார்க் கடற்கரைக்காரர், கத்தோலிக்கர். அருகே மார்க்ஸ் டோர்மோய் தெருவில் நாங்கள் இருந்த கட்டடத்தின் ஐந்தாம் மாடியில் வேறு நான்கு பேருடன் ஒரே அறையில் இருந்தார். என் அண்ணன் வேலை செய்த உணவகத்திலேயே அவருக்கும் கோப்பை கழுவும் வேலை. பிரெஞ்சில் அவருக்குத் தெரிந்தது ஒரே சொல். அரண்மனைக்குப் பிரெஞ்சில் ‘பலே’ என்பார்கள். முதலாளி எதைக் கேட்டாலும் இவர் “பலே” என்பார். முதலாளிக்கு ஒன்றும் விளங்காது. பக்கத்தில் நிற்கும் தமிழர்கள், இவர் முதலாளியைப் பாராட்டுகிறார் என்று நினைத்துக்கொள்வார்கள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அண்ணன் எங்கள் எல்லோரையும் வெர்சாய் அரண்மனை பார்க்கக் கூட்டிப்போனார். உலகமே வாய் பிளந்து பார்க்கும் இடம். அரண்மனையார் இரண்டு கைகளையும் பின்னால் கட்டிக்கொண்டு, கட்டி முடிந்த வீட்டில் குறை பார்க்க வந்த மேசன் போல ஒரு சுற்றுச் சுற்றினார்.

“குளம் இருக்கு. குளத்துக்கு நடுவிலை மண்டபம் எங்கை?”

“இஞ்சை மண்டபம் இல்லை, அண்ணை” என்றேன்.

“அப்ப ராசா எங்கை இருந்து காத்து வாங்கினவர்?”

திரும்பி வரும்போது ரயிலில் அண்ணி கேட்டார்: “வருசம் முழுக்க வெயில் எறிக்கிற நாட்டிலை கோடை மாளிகை என்னத்துக்கு?”

“உமக்கு எறிக்கிற வெயில் வேறை, ராசாவுக்கு எறிக்கிற வெயில் வேறை.”

அதே அண்ணி அன்றிரவு அவரைச் சாப்பிடச் சொல்லி மீன் குழம்பு பரிமாறினார். அரண்மனையார் தட்டைத் தள்ளி வைத்துவிட்டு வெறும் சோற்றில் தயிரை ஊற்றினார். மன்னார்க்காரர் மீன் தொடமாட்டாராம். “தாய்லாந்து ராசாவும் மரக்கறிதானோ?” என்று அண்ணி இரண்டு நாள் முணுமுணுத்தார்.

அவருக்கு இந்தப் பைத்தியம் பிடித்த கதை சின்னது. வெளிநாடு அனுப்புகிறேன் என்று கூட்டிவந்த ஏஜென்ட் அவரைப் பாங்கொக்கில் எட்டு மாதம் காக்கவைத்தான். அறையில் இருந்தால் பொலிஸ் வரும், தெருவில் நின்றாலும் பொலிஸ் பிடிக்கும், அரண்மனை பார்க்கிறவனிடம் மட்டும் ஒருவரும் பாஸ்போர்ட் கேட்கமாட்டார்கள் என்று அவனே யோசனை சொன்னானாம். இவர் வாரத்தில் நான்கு நாள் ரயிலேறி பாங் பா-இன் போனார். வாசலில் கொடுத்த ஆங்கிலத் துண்டுப் பிரசுரத்தை ஜெபம் போலப் பாடமாக்கினார்.

ஒரு ராஜாவின் வள்ளம் புயலில் கவிழ்ந்து ஆற்றுத்தீவில் ஒதுங்கியது. அந்தத் தீவுப் பெண்ணுக்கு ராஜாவால் ஒரு பிள்ளை பிறந்தது. அந்தப் பிள்ளையே பின்னாளில் ராஜாவாகி, பிறந்த தீவில் மாளிகை கட்டியது. பிறகு பகைவர் வந்து தலைநகரை எரித்தார்கள், மாளிகையைக் காடு மூடிப்போனது. நீராவிக் கப்பல் வந்த காலத்தில் வேறு ராஜாக்கள் அதைத் திரும்பக் கட்டினார்கள். இவ்வளவையும் அவர் மூச்சு விடாமல் சொல்வார். நீங்கள் மூச்சு விட்டால் முதலிலிருந்து தொடங்குவார்.

அங்கே ஆற்றுக்கு அக்கரையில், கூர்க் கோபுரமும் வண்ணக் கண்ணாடியுமாக அசல் மாதா கோவில் ஒன்று தெரிந்ததாம். கம்பியில் ஓடும் பெட்டியில் ஏறி ஆற்றைக் கடந்து, சிலுவை அடையாளம் போட்டு, முழங்காலில் நின்று ஒரு மெழுகுதிரியும் கொளுத்திவிட்டுத் தலை நிமிர்ந்தால், பீடத்தில் புத்தர். ராஜா ஆசைக்குக் கட்டிய விகாரையாம் அது.

“பேந்து என்ன செய்தனீங்கள்?” என்று கேட்டேன்.

“கொளுத்தின திரியை ஊதி அணைக்கிறதோ, பிள்ளை? எரியட்டும் எண்டு விட்டிட்டு வந்தனான்.”

இனி என் கோபத்தின் நடுப்பகுதிக்கு வருகிறேன்.

எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் போய்ப் படித்து முடித்த முதல் ஆள் நான். அம்மா கைநாட்டு வைப்பவர். பாரிஸ் வந்து இரண்டு வருடத்தில் பிரெஞ்சு பேசவும் எழுதவும் பழகினேன். அகதி விண்ணப்பத்தோடு கொடுக்கும் சொந்தக் கதையைத்தான் நாங்கள் கேஸ் என்போம். தெரிந்தவர்களுக்கு நான் கேஸ் எழுதிக் கொடுத்தேன். “பொம்பிளைப் பிள்ளை எழுதி என்ன வரப்போகுது?” என்று சொன்ன ஆம்பிளைகளும் கடைசியில் என்னிடமே வந்தார்கள். அரண்மனையார் மட்டும் நான் எழுதியதை வாசித்துக் காட்டச் சொல்லிவிட்டு, முகத்தைச் சுளித்தார்.

“எட்டு மாசத்தை ஒரு வரியிலை விழுங்கிப் போட்டீர்.”

“‘பாங்கொக்கில் எட்டு மாதம் தங்கி வந்தேன்.’ அது காணும், அண்ணை, போதும்.”

“குளத்து மண்டபம்?”

“குளத்து மண்டபம் வந்தால் உங்கடை கேஸ் அந்தக் குளத்துக்கையே போயிடும். எட்டு மாசம் நிம்மதியா அரண்மனை பாத்த ஆளுக்கு இவங்கள் ஏன் விசா குடுக்கோணும்? அங்கையே இருந்திருக்கலாமே எண்டு திருப்பி அனுப்புவாங்கள்.”

“அப்ப என்ரை அண்ணரைப் பற்றியும் ஒரு வரிதான் எழுதியிருக்கிறீர்.”

“நீங்கள் சொன்னது ஒரு வரிதானே?”

அது உண்மை. ‘அண்ணர் கடலிலை போயிட்டார்’ என்பதற்கு மேல் என்ன கேட்டாலும் அவர் வாயிலிருந்து தாய்லாந்துதான் வந்தது. சொல்லாததை எழுத நான் என்ன சாத்திரக்காரியா?

விசாரணை நாளும் வந்தது. விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டால் கையிலிருக்கும் தற்காலிகக் கடதாசி போய்விடும், வேலை போய்விடும், ஆளையே அனுப்பினாலும் அனுப்புவார்கள். விசாரணை நடக்கும் கந்தோர் வாசலில் வைத்து, அவர் கும்பிடும் மடுமாதா மேல் சத்தியம் வாங்கினேன். அரண்மனை என்ற சொல்லே வாயில் வரக்கூடாது. “ஓம்” என்றார். அன்றைக்கு மொழிபெயர்ப்பாளர் வரவில்லை. கூட வந்த என்னையே உட்காரச் சொன்னார்கள். என் தலை ஓரங்குலம் உயர்ந்ததை மறைக்கமாட்டேன். அதிகாரி கண்ணாடிக்காரர். அவர் எனக்குச் சொன்ன விதி ஒன்றுதான்: ‘அவர் சொல்கிறார்’ என்று சொல்லக்கூடாது, அவர் ‘நான்’ என்றால் நானும் ‘நான்’ என்றே சொல்லவேண்டும்.

பெயர், ஊர், பிறந்த திகதி எல்லாம் ஒழுங்காகப் போயின. பிறகு அதிகாரி கடதாசியைப் பார்த்துக் கேட்டார், “பாங்கொக்கில் எட்டு மாதம் என்ன செய்தீர்கள்?”

நான் அதைத் தமிழில் சொல்லி முடிக்கவில்லை. அரண்மனையாரின் முகம் மலர்ந்துவிட்டது.

“பிள்ளை, அவராக் கேக்கிறார். நானாத் தொடங்கேல்லை.”

தொடங்கினார். ராஜா, புயல், வள்ளம், தீவு. நான் பல்லைக் கடித்துக்கொண்டு சுருக்கிச் சுருக்கிச் சொன்னேன். “நான் இவ்வளவு நேரம் கதைக்கிறன், நீர் நாலு சொல்லோடை நிப்பாட்டுறீர்” என்று அதிகாரிக்கு முன்னாலேயே முறைப்பாடு. ஆத்திரம் பொங்கியது. சரி, உங்கள் தலைவிதி என்று சொல்லுக்குச் சொல் மொழிபெயர்க்கத் தொடங்கினேன்.

அவர் மகாராணி கதைக்கு வந்திருந்தார். கோடை மாளிகைக்குப் போகும் வழியில் மகாராணியின் வள்ளம் ஆற்றில் கவிழ்ந்தது. மடியில் சின்ன மகள். அரச குடும்பத்தை மற்றவர்கள் தொடக்கூடாது என்பது சட்டமாம். சுற்றி நின்ற அவ்வளவு பேரும், இருவரும் மூழ்கும்வரை பார்த்துக்கொண்டே நின்றார்களாம். ராஜா மாளிகைத் தோட்டத்தில் சலவைக்கல்லில் நினைவுச் சின்னம் வைத்திருக்கிறார். இந்தக் கதையை நான் ஐம்பது தடவை கேட்டிருக்கிறேன், கேட்டுக்கொண்டே வெங்காயம் உரித்திருக்கிறேன். என் வாயால் சொன்னது அன்றுதான்.

“எல்லாருக்கும் நீந்தத் தெரியும்” என்றார். சொன்னேன்.

“நானும் கரையிலைதான் நிண்டனான்” என்றார். அதையும் சொன்னேன்.

அதிகாரி நிமிர்ந்தார். “தாய்லாந்திலா?”

“இல்லை. மன்னாரிலை. அண்ணர் கடலுக்குப் போகேக்கை சட்டம் இல்லை. அவர் போனாப் பிறகுதான் கடலிலை ஒருத்தரும் இறங்கக்கூடாது, இறங்கினாச் சுடுவம் எண்டு நேவிக்காரங்கள் ஒலிபெருக்கியிலை சொன்னவங்கள். திரும்பி வரேக்கை வள்ளம் கவிண்டிட்டுது. வலை காலிலை சுத்திப்போட்டுது.”

“எவ்வளவு தூரத்தில்?” என்று அதிகாரி கேட்டார்.

“கூப்பிடு தூரம்.”

இங்கேதான் என் பிரெஞ்சு முறிந்தது. படித்த அகராதி முழுவதையும் தலைக்குள் புரட்டினேன். அப்படி ஒரு அளவு எனக்கு அகப்படவில்லை. கடைசியில் பிரித்துச் சொன்னேன்: ‘ஒருவர் கூப்பிட்டால் மற்றவருக்குக் கேட்கும் தூரம்.’

அதிகாரி அதை எழுதினார். பிறகு நியாயமாகவே கேட்டார், “அப்படியானால், அவர் கூப்பிட்டாரா?”

இப்படி ஒரு கேள்வி வரும் என்று நான் நினைக்கவில்லை. தமிழில் அதை ஒரு முறை மனதுக்குள் சொல்லிப் பார்த்தேன். கேட்டேன்.

“ஓம்” என்றார் அரண்மனையார். மேசை விளிம்பை விரலால் தேய்த்துக்கொண்டிருந்தார். “என்ரை பேரைச் சொல்லித்தான் கூப்பிட்டவர்.”

‘என் பெயரைச் சொல்லித்தான் கூப்பிட்டார்’ என்று நான் பிரெஞ்சில் சொன்னேன்.

அவருடைய பெயர் விண்ணப்பத்தின் முதல் வரியில் என் கையெழுத்திலேயே இருக்கிறது. லா சப்பலில் யாராவது அந்தப் பெயரைச் சொன்னால் “அரண்மனையார் எண்டே சொல்லுங்கோ” என்று திருத்துவார். என்ன திமிர் இந்த மனிதருக்கு என்று நான் எத்தனை நாள் எரிச்சல் பட்டிருப்பேன். காரணம் அந்த மேசையில்தான் எனக்கு விளங்கியது, அதனால்தான் இங்கேயும் அந்தப் பெயரை எழுதவில்லை.

திரும்பி வர மெட்ரோ ஏறினோம். ஐந்தாவது நிறுத்தத்தில் அவர் தொண்டையைச் செருமினார்.

“பிள்ளை, ஒரு பிழை விட்டிட்டீர்.”

“என்ன பிழை?”

“மகாராணி செத்தது அரண்மனைக்குப் போற வழியிலை. நீர் அரண்மனையிலை எண்டு சொல்லிப்போட்டீர். உமக்கு எத்தினை தரம் ‘பலே’ வந்தது எண்டு எண்ணிக்கொண்டிருந்தனான். ஒண்டு கூடிப்போச்சு.”

என் வாழ்க்கையில் நான் செய்த மிகப் பெரிய வேலைக்கு எனக்குக் கிடைத்த நன்றி அது. மூன்று மாதத்தில் அவருக்குப் பத்து வருட வதிவிடக் கார்ட் வந்தது. என் எழுத்தால் வந்தது என்று நான் இன்றும் சொல்கிறேன். அரண்மனையால் வந்தது என்று அவர் சொல்லித் திரிகிறார்.

இப்போது அவர் பாரிஸுக்கு வெளியே பொண்டியில் இருக்கிறார். மறக்க முடியாத ஒருவரைப் பற்றி இந்தப் பத்திரிகைக்கு எழுதக் கேட்டிருக்கிறார்கள் என்று தொலைபேசியில் சொன்னேன். யோசித்துவிட்டுப் பதில் சொன்னார்.

“என்னைப் பற்றி ஒரு வரி காணும், பிள்ளை. மிச்சத்திலை அரண்மனையைப் போடும்.”

நேர்மாறாகத்தான் எழுதியிருக்கிறேன். குளத்து மண்டபத்தின் கூரை எத்தனை அடுக்கு என்றுகூடச் சொல்லவில்லை. வாசித்ததும் சண்டைக்கு வருவார். வரட்டும். அவர் வருகிற நாளில் எங்கள் வீட்டில் மீன் வாங்குவதில்லை.