குரங்குகளுக்கு என்னைத் தெரியும்

ஒன்றைப் பார்த்து இன்னதென்று கண்டுகொள்வதில் கணினியைவிடக் குரங்கு கெட்டி. இதை நான் கொய்யா மரத்தின் மேல் உட்கார்ந்து கற்றுக்கொண்டேன்.

நான் ஓய்வுபெற்ற கணக்கு வாத்தியார். ஆனைக்குட்டம் பக்கம் தோப்பு. பதினாறு கொய்யா மரங்கள், தின்ன வரும் குரங்குகள் பதினொன்று (குட்டிகளைச் சேர்த்தால் பதினாலு). ஒரு வெடி போட்டால் ஓடிவிடும். ஆனால் வேலிக்கு அந்தப் பக்கம் பட்டாசுக் கம்பெனி. கல்தான் எறியலாம். குடை பிடித்துப் போனாலும், முக்காடு போட்டுப் போனாலும் அவை என்னைக் கண்டுகொண்டு ஒளிந்துவிடும். என் மனைவி போனால் அசையாது.

இன்ஜினியரிங் படித்த என் தங்கை மகன் செந்தில், மூளையைப் போலவே பார்த்துப் பழகும் நியூரல் நெட்வொர்க் ஒன்றைச் செய்தான். குரங்கு உள்ள படங்களும் இல்லாத படங்களும் கேட்டான். மரத்தில் குரங்குகளை முந்நூற்றுப் பன்னிரண்டு படம் எடுத்தேன். குரங்கு இல்லாததற்கு யாரும் ஏறாத வெறும் மரங்களை எடுத்தேன். மோட்டார் ரூமில் கணினி, வெளியே கேமரா, குரங்கைக் கண்டால் அலற ஒரு சைரன்.

மறுநாள் பழம் பறிக்க மரத்தில் ஏறினேன். சைரன் அலறியது. கிளையில் எது குந்தியிருந்தாலும் குரங்கு என்றுதான் அது படித்திருந்தது. கேமராவுக்கு எட்டாத பக்கத்து மரத்துக் குரங்குகள் என்னை ஒருமுறை பார்த்துவிட்டு, கையில் கல் இல்லாததையும் பார்த்துவிட்டு, தின்பதைத் தொடர்ந்தன.

ஆனால் வேலிக்கு அப்பால் சைரனுக்கு ஒரே அர்த்தம்: தீ. வேலை செய்த பெண்கள் அத்தனை பேரும் வெறுங்காலோடு வெளியே ஓடினார்கள். நாற்பதுக்கு மேல் என்னால் எண்ண முடியவில்லை. அவர்களில் மாரியம்மா என்பவள் விழுந்து முழங்கால் கிழிந்தது. வேலியோரம் மூச்சு வாங்கி நின்று நிமிர்ந்து பார்த்தாள்.

"அங்கன ஏறி என்ன சார் செய்றீக? எம்பிள்ளைக மூணும் கண்ணுக்குள்ள வந்து போயிருச்சு."

சைரனை அன்றே கழற்றினேன். வீட்டில் இன்றும், "மாமாவைக் கம்ப்யூட்டரே குரங்குன்னு ஒத்துக்கிருச்சு" என்று செந்தில் விருந்தாளிகளுக்குச் சொல்வான். (சொல்லட்டும்.) கம்பெனியில் பரவிய வேடிக்கைதான் என் தூக்கத்தைக் கெடுத்தது. அடுத்த மாதம் கம்பெனியின் சைரனையே தீ ஒத்திகைக்கு ஊதியபோது, வாத்தியார் மரத்தில் ஏறிவிட்டார் என்று சிரித்துக்கொண்டு யாருமே எழுந்திருக்கவில்லையாம். போர்மேன் வந்து சொன்னார்.

அன்றிலிருந்து அங்கே சைரன் கேட்டால் நான் வேலியோரம் ஓடி, இரண்டு கையையும் தூக்கிக்கொண்டு நிற்கிறேன். மாரியம்மா எட்டிப் பார்த்து மற்றவர்களுக்குச் சொல்வாள்:

"சார் தரையிலதான் நிக்காரு. ஓடுங்கடி."